டயர் ரப்பரும் சிவப்புக் கொய்யாவும்

அவருக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை அரை மணி நேரம்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. கேட்டவர் அதைச் செய்து பார்த்தாரா என்று மறுநாள் தேடிப் போய் விசாரிக்கவும் வேண்டும்.

திருவொற்றியூரில் ஒரு டயர் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நான் ஏழு வருஷம் நர்ஸாக இருந்தேன். அவர் அங்கே ரப்பர் கலக்கும் பிரிவில் இருந்தார். கச்சா ரப்பரோடு கரிப்பொடி, கந்தகம், இன்னும் ஏழெட்டுச் சாமான்கள் சேர்த்துப் பெரிய உருளைகளில் அரைக்கிற இடம் அது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கறுப்பாக இருப்பார்கள். யார் யாரென்று சட்டென்று தெரியாது. அவரை மட்டும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல். காதோடு காதாகச் சொல்ல வேண்டியதையும் அந்தக் குரலில்தான் சொல்வார். அவருக்கு மூலம் இருப்பது அந்தத் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்தது, என்னிடம் ரகசியமாகச் சொல்ல வந்த ஒரு நாளில்தான்.

எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார். மேனேஜரையும் அப்படித்தான். "சார், நீ இன்னா சொல்றன்னே எனுக்குப் பிரியல" என்பார். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்பது மேனேஜருக்கே தெரியும்.

கொய்யா அவர் வாழ்க்கையில் நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வாரத்துக்கு ஒரு நாள் வரும் டாக்டர், அன்று கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்து உடம்பைப் பற்றிப் பேசினார். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம உடம்புக்குள்ள ஆக்சிஜனால கொஞ்சம் கொஞ்சமா சேதாரம் நடந்துகிட்டே இருக்கு. அதைத் தடுக்கிறதுக்குப் பேர்தான் ஆன்டிஆக்சிடன்ட். அதுக்கு வெளிநாட்டுப் பழம் எதுவும் தேவையில்லை. கொய்யாப்பழம் போதும். ஆரஞ்சை விட அதுல வைட்டமின் சி அதிகம்."

பின்வரிசையில் இவர் எழுந்து நின்றார்.

"டாக்டரு, இன்னா பேரு சொன்ன?"

"கொய்யாப்பழம்."

"அதில்ல. அதுக்கு முன்னாடி."

"ஆன்டிஆக்சிடன்ட்."

"அது எங்க மூட்டைல கீதே!"

கேன்டீனே சிரித்தது. தூங்கியவர்கள் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "மூட்டையில இருந்து எடுத்து எதுக்குப் போடறீங்க?" என்று கேட்டார்.

"போடலன்னா ரப்பரு காத்து பட்டே கெட்டுப்பூடும். வெயில்ல வெச்சா பாளம் பாளமா வெடிச்சிரும்."

"அதே கதைதான் இங்கயும். அங்க ரப்பர், இங்க உடம்பு. ஆனா மூட்டையில இருக்கிறது விஷம். அதைத் தின்னு வெச்சிடாதீங்க."

அன்று மதியமே என் அறைக்கு வந்தார். முகத்தில் கரி அப்படியே இருந்தது. கண் மட்டும் பளபளவென்று இருந்தது. "இருவத்திரெண்டு வருசமா டயருக்குப் போட்டுகினு கீறேன் சிஸ்டரு. எனுக்கு நானே ஒரு நாளும் போட்டுக்கலியே" என்றார்.

மறுநாளிலிருந்து பழம் வரத் தொடங்கியது. கை விரல் இடுக்கில் இருக்கும் கரி போகும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, ரெக்ஸின் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார். உள்ளே சிவப்பாக இருக்கும் கொய்யாதான். வெள்ளைக் கொய்யாவை அவர் பழமாகவே மதிப்பதில்லை. தக்காளிக்குச் சிவப்பைத் தருவது எதுவோ அதுவே இதிலும் இருக்கிறது, அதுவும் உடம்புக்கு நல்லது என்று நான் ஒரு முறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது போதும். "சிஸ்டரே சொல்லிச்சு" என்று மூன்று ஷிப்டுக்கும் பரவிவிட்டது.

அவரிடம் ஒரு சாட்சியும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்த சிநேகிதனிடம் கேட்டு இரண்டு ரப்பர் துண்டுகள் வாங்கினார். ஒன்றில் மூட்டையில் வரும் அந்த ஆன்டிஆக்சிடன்ட் கலந்திருந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் வில் மாதிரி வளைத்துத் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆணி அடித்து வைத்தார். திருவொற்றியூர் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் சொல்லவா வேண்டும்! சில வாரங்களில் ஒன்று வழவழவென்று இருந்தது, மற்றொன்று வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தது. இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட எடுத்து நீட்டுவார்.

"இவன் கொய்யா துண்ணவன். இவன் துண்ணாதவன். நீ எவன்?"

பாவம், அந்த ஆள் தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டியவர், இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிவிடுவார்.

அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "தேய்மானம் வேற, வெடிப்பு வேற சிஸ்டரு. ஓடுற டயரு தேயும். அது ஓடுனதுக்கு அடையாளம், அத்த ஒண்ணியும் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. ஆனா சும்மா நிக்கிற டயருலயும் வெடிப்பு வரும். அத்தத்தான் தடுக்கணும்." யாராவது அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்துக் கிண்டல் செய்தால், "இது தேய்மானம்பா" என்று தடவிக்கொள்வார்.

இளவட்டங்கள் அவரைச் சீண்டுவதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் 'கொய்யால' என்பது திட்டுகிற வார்த்தை. அவர் வரும்போது ஒருவனையொருவன் வேண்டுமென்றே "கொய்யால!" என்று திட்டிக்கொள்வார்கள். இவர் உடனே நின்றுவிடுவார். "கொய்யாவுலயா? இன்னா கீதுன்னு நான் சொல்றேன் கேளு. வைட்டமின் சி கீது. நாரு கீது. ஆன்டிஆக்சிடன்ட் கீது." திட்டியவனுக்கு ஒரு பழம், திட்டு வாங்கியவனுக்கு ஒரு பழம். கடைசியில் பழம் வேண்டும் என்பதற்காகவே திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

வாசலில் தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்கும் பெண்ணுக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. அவள் தோலைச் சீவி, நாலாக வகுந்து, மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவித் தருவாள். "தோல சீவாதம்மே, சரக்கே தோல்லதான் கீது" என்று இவர் கையைப் பிடிக்கப் போவார். "உப்பு போடாத, பிபி கீறவன் வர்ற எடம்." அவள் கத்தியை வண்டியில் தட்டி வைப்பாள். "யோவ், நீ வந்து வண்டில நில்லு. நான் போயி உன் டயர பண்றேன்." வாங்க வந்தவர்கள் சண்டையைப் பார்த்தபடி உப்புப் போட்டதையே வாங்கித் தின்பார்கள்.

அவருடைய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார். "படிச்ச ஆளு ஒண்ணு நம்ம சைடுல கீணும் சிஸ்டரு." மாப்பிள்ளை வீட்டார் புளியந்தோப்புக்காரர்கள். தட்டில் பூ, வெற்றிலையோடு சிவப்பாக, செதில் செதிலாக ஒரு பழம் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். டிராகன் பழம். இவர் கொய்யாவைத் தவிர எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாரே, ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாரே என்று பயந்தேன்.

மாப்பிள்ளையின் மாமா பெருமையாகச் சொன்னார்: "இதுல ஆன்டிஆக்சிடன்ட் நெறைய கீதுன்னு கடைல சொன்னாங்கோ."

இவர் இரண்டு கையையும் தட்டினார். "உன்குத் தெரியுமா அது?"

அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து ரப்பர் துண்டுகள் வெளியே வந்தன. டிராகன் பழத்தை வெட்டி, பக்கத்தில் கொய்யாவை வெட்டி, இரண்டு சிவப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாமா மெக்கானிக் ஷாப் வைத்திருந்தவர், டயர் வெடிப்பைப் பற்றி அவருக்கும் சொல்ல நிறைய இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை. உள்ளறையில் புடவை கட்டித் தயாராக இருந்த பெண், கடைசியில் தானே காபித் தட்டோடு வெளியே வந்து, "நான் வரணுமா வேணாமா நைனா?" என்று கேட்டது. மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருந்தால் அவரை ஒரு வேடிக்கை மனிதராக மட்டும் நினைவில் வைத்திருப்பேன்.

கேன்டீனில் சமைக்கும் தனம் அக்கா நெட்டுக்குப்பத்திலிருந்து வருகிறவர். அவருடைய வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அக்காவை இரண்டு பேர் கைத்தாங்கலாக என் அறைக்குக் கூட்டி வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை. "கண்ணு இருட்டிகினு வருது சிஸ்டர்" என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன். பாதரசம் இருநூறைத் தாண்டி நின்றது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, "மாத்திரை போட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"அத்த வுட்டு ஒரு மாசம் ஆவுது. மாத்திர துண்ணா மசமசன்னு கீது. கொய்யாவுலயே எல்லாம் கீதுன்னு அண்ணன் சொல்லிச்சே. தெனம் ரெண்டு துண்றேன்."

விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்த அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு என் ஆத்திரம் முழுக்க அவர் மேல் திரும்பியது. "பஞ்சரான டயர்ல உங்க மூட்டையக் கொட்டினா அது ஓடுமாண்ணா?" என்று கேட்டேன்.

"நான் மாத்திரைய வுடச் சொல்லலியே சிஸ்டரு."

அவ்வளவு மெதுவாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"விடாதேன்னும் சொல்லலையே" என்றேன்.

அவர் ரப்பர் பிரிவுக்குத் திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். உள்ளே போகவில்லையாம். தனம் அக்காவுக்கு நல்ல வேளையாகப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் ரெக்ஸின் பை வரவில்லை. பையன்கள் "கொய்யால" என்று கத்திப் பார்த்தார்கள். அவர் காதில் விழாதது போல நடந்து போனார். தொழிற்சாலையே மிகவும் அமைதியாக இருப்பது போல எனக்குத் தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னது சரிதான், ஆனாலும் பிடிக்கவில்லை.

தனம் அக்கா வேலைக்குத் திரும்பி வந்த நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவர் கேன்டீன் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"தோ, எல்லாரும் கேளுங்க. நான் இத்தினி நாளா கொய்யா கொய்யான்னு கூவிகினு இருந்தேன்ல? பாதிதான் சொன்னேன். மீதி எனுக்கே தெரியல. டயர்ல நாங்க போடற மருந்து, நல்லா கீற டயர நல்லா வெச்சிக்கும். பஞ்சர ஒட்டாது. கொய்யாவும் அப்பிடித்தான். நல்ல பழம், துண்ணுங்க. ஆனா டாக்டரு எய்திக் குட்த்த மாத்திரைக்கு அது பதிலு இல்ல. தனம் மாத்திரைய வுட்டது என்னாலதான். நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ தங்கச்சி."

தனம் அக்கா சாம்பார்க் கரண்டியோடு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஏறங்குண்ணா, பெஞ்சு ஒடயப் போவுது" என்றார்.

எத்தனையோ பேர் தப்புச் செய்து நான் பார்த்திருக்கிறேன். டாக்டர்கள், நர்ஸுகள், நான் உட்பட. சரியென்று நினைத்ததை எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரலில், அதே கூட்டத்தில் நின்று தப்பென்று சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

பை திரும்பி வந்தது. ஆனால் சட்டம் மாறியிருந்தது. முதலில் என்னிடம் வந்து உட்கார்ந்து, யாருக்கு எத்தனை பழம் தரலாம், சர்க்கரை உள்ளவருக்கு எவ்வளவு பழுத்தது தரலாம், ஜூஸ் போட்டுக் குடித்தால் என்ன என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவரிடமாகப் போனார். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மாத்திர அட்டைய காட்டு" என்பார். நேற்றைய மாத்திரை அட்டையில் அப்படியே இருந்தால் பழம் பைக்குள் திரும்பிப் போய்விடும். பழத்துக்கு ஆசைப்பட்டு இல்லை, எல்லோர் எதிரிலும் அவர் "ஏன் வுட்ட?" என்று அந்தக் குரலில் கேட்பாரே, அதற்குப் பயந்து எல்லோரும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தார்கள். வருஷக் கணக்காக நான் கெஞ்சியும் எட்டிப் பார்க்காதவர்கள், "சிஸ்டர், அட்டை தீந்துபோச்சு" என்று என் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். தனம் அக்காவின் அழுத்தம் இறங்கி நிலைத்தது. அது தெரிந்த அன்று அவர் அக்காவுக்குக் கொடுத்தது, பையில் இருந்ததிலேயே பெரிய பழம்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் மனைவியிடம் கொடுத்து ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கொய்யா.

நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"உன்கு பிபி எவ்ளோ சிஸ்டரு?"

"எனக்கு அதெல்லாம் இல்லண்ணா."

"எப்போ பாத்த?"

யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அந்த ஊரில் எத்தனையோ கையில் பட்டையைச் சுற்றியிருக்கிறேன், என் கையில் சுற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. கொஞ்ச நாளாகவே பின்மண்டையில் வலி. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உக்காரு" என்று நோயாளிகள் உட்காரும் ஸ்டூலைக் காட்டினார். மேஜை மேல் புதிதாக வந்திருந்த தானியங்கிக் கருவியின் பட்டையை நான் சொல்லச் சொல்ல என் கையில் சுற்றினார். பட்டனை அமுக்கினார். எண்கள் ஏறி, இறங்கி, நின்றன. நூற்று எழுபத்தெட்டு.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்தப்போகிறார், தொழிற்சாலை முழுக்கத் தெரியப்போகிறது என்று காத்திருந்தேன்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்" என்றார், அவரால் முடிந்த அளவு மெதுவாக. "நாளைக்கே டாக்டராண்ட போ. பயம் அப்பால."

போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை தொழிற்சாலைக் கேட்டுக்கு நான் வந்தபோது, ஓய்வு பெற்ற மனிதர் குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டையில் அங்கே நின்றிருந்தார். எதுவும் கேட்கவில்லை. என் கைப்பையைப் பார்த்தார். அட்டையை எடுத்துக் காட்டினேன். ஒரு குழி காலியாக இருந்தது. பழத்தைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். இரண்டு வாரம் இப்படி வந்தார். என் அழுத்தம் சரியான பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

அவரைக் கடைசியாக நான் பார்த்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. ராயபுரத்தில் வேறு வேலை கிடைத்து நான் போய்க்கொண்டிருந்த நாட்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் வழக்கம் போல மைல் கணக்கில் நின்றிருந்தன. என் பஸ் அவற்றின் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு லாரியின் படியில் ஒரு காலை வைத்துத் தொற்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். தோளில் ரெக்ஸின் பை. மேலே உட்கார்ந்திருந்த டிரைவர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? தன் தமிழில் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் சிரித்துக்கொண்டே, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். இவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். பழம் கை மாறியது.

நான் பொது இடத்தில் குரல் உயர்த்திப் பேசுகிறவள் இல்லை. அன்று பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணா, காலையில போட்டுட்டேன்!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் லாரிப் படியில் தொங்கியபடியே திரும்பி, என்னைக் கண்டுகொண்டு, பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, நகரும் பஸ்ஸைக் குறி பார்த்து வீசினார். அது என் மடியில் விழவில்லை. முன் சீட்டுப் பெரியவரின் மடியில் விழுந்தது. அவர் அதைத் துடைத்து, ஒரு கடி கடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும்மா அது?" என்று கேட்டார்.

பஸ் ராயபுரம் போய்ச் சேரும்வரை அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.